வீதியோரத்துப் பழைய கட்டடத்தை ஊர்ப் பொது இடமாக்குதல்: மலையகத்தில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அட்டனிலிருந்து நோர்வூட் வழியாக மஸ்கெலியாவுக்கோ, பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கோ பஸ்ஸில் போகிறவர்கள், கதவு சாத்திக் கிடக்கும் பழைய கட்டடங்களை வீதியோரத்தில் கண்டிருப்பார்கள். பறித்த தேயிலைக் கொழுந்தை எடை பார்த்த மடுவம், மருந்து கொடுத்த டிஸ்பென்சரி, அரிசி அளந்த சங்கக்கடை, வழிப்போக்கர் இளைப்பாறிய அம்பலம் என, ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் ஆட்கள் கூடிய இடம். அவற்றுள் ஒன்றை மீட்டுப் படிப்பகமாகவோ, மாதர் சங்கம் கூடும் இடமாகவோ, கூத்துப் பழகும் களமாகவோ ஆக்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் ஊரின் பழைய கொழுந்து மடுவம் ஒன்றை மீட்ட வேலையில் தொடக்கம் முதல் கூட நின்றவன் என்ற முறையில், எங்களுக்குச் சரியாக வந்தவற்றையும் நாங்கள் பிழை விட்ட இடங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சாவி யாரிடம் இருக்கும், கதவு எந்தெந்த நாளில் எத்தனை மணிக்குத் திறக்கும், உள்ளே யார் வந்து என்ன செய்வார்கள் என்ற மூன்றுக்கும் ஊர் ஒரு முடிவுக்கு வரும்வரை ஒரு மூடைச் சுண்ணாம்புகூட வாங்க வேண்டாம். பூட்டிய கட்டடத்தில் ஒரு மாரிக்குள் கறையான் ஏறிவிடும், கூரைப் பீலியில் இலை அடைத்துக்கொள்ளும், சுவர் நனையும். ஆட்கள் நாளாந்தம் வந்து போகும் கட்டடத்தில் முதல் ஒழுக்கு விழுந்த அன்றே யாராவது அண்ணாந்து பார்த்துவிடுவார்கள்.

கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தல்

பழமையும் அழகும் மட்டும் போதாது. பஸ் நிற்கும் இடத்துக்கும் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கும் எவ்வளவு தூரம், தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கு, கீழ்ப்பிரிவான பணியகணக்கு இரண்டிலிருந்தும் ஆட்கள் நடந்து வர முடியுமா, இருட்டிய பின் பெண்பிள்ளைகள் தனியே திரும்பிப் போகக்கூடிய பாதையா என்று பாருங்கள். எல்லாருக்கும் நடுவில் இருக்கிற எளிய மடுவம், ஒதுங்கி நிற்கிற அழகான பங்களாவைவிட மேலானது.

வீதியோரம் என்பதற்கு எங்கள் வரலாற்றில் தனி இடம் உண்டு. தேயிலைக்கு முன் கோப்பி பயிரிட்ட காலத்தில் எம் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கித் தம்புள்ளை வழியாக மாத்தளைக்கு நடந்தே வந்தார்கள். அந்த வழியில் ஒரு கொட்டகையும் ஒரு கிணறும் உயிரைக் காத்தன, இல்லாத இடங்களில் உயிர்கள் போயின. பிறகு தோட்டத்துக்குள் வெளியார் நுழைவதே அத்துமீறலாகக் கொள்ளப்பட்ட நாட்களில், தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் புடவை வியாபாரி வேடத்தில் லயங்களுக்குள் போக வேண்டியிருந்தது. 1931 இல் அவர் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் அட்டன் நகரத்தை இருப்பிடமாகக் கொண்டது. தோட்ட முகாமையாளரான துரையிடம் கேட்காமல் நாலு பேர் நின்று பேசக்கூடிய நிலமாக எங்களுக்கு இருந்தவை கடைவீதியும் பெருவீதியின் ஓரமும்தான். ஆகையால் வீதியோரத்தில் ஒரு கட்டடம் ஊருக்கென்று திறப்பதை நான் சிறிய காரியமாக நினைப்பதில்லை.

தொடங்கும் முன் வேறு ஊர்களில் மீட்கப்பட்டவற்றை ஒருமுறை போய்ப் பாருங்கள். கடுகண்ணாவையில் கொழும்பு - கண்டி வீதியின் ஓரத்திலே நிற்கும் பழைய அம்பலம், சுவரால் அடைக்காத கூரையும் தூணும் திண்ணையும் மட்டுமே ஒரு பொது இடத்துக்குப் போதும் என்பதைக் காட்டும். அந்தானையில் 1925 இல் கட்டப்பட்டு நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்த தேயிலை ஆலை 2001 இல் தேயிலை நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. கந்தப்பளையின் ஹெதர்செட் ஆலை ஹோட்டலாகியது. இவை இரண்டும் பெரும் பணத்தில் நடந்தவை. எங்களுக்குக் கிட்டத்தில் நிற்கும் உதாரணம் கம்பளைக்கு அருகே பாரதெக்கவில் ஓல்ட் பீகொக் தோட்டத்தில் உள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை. அங்கே பழைய லயக் காம்பராக்களையே திருத்தி, தொழிலாளரின் பாவனைப் பொருட்களையும் ஆவணங்களையும் வைத்திருக்கிறார்கள். லயத்தின் கூரை உயரத்தையும் இஸ்தோப்பு என்ற முன்திண்ணையையும் மாற்றாமல் ஒரு பொது இடத்தை அமைக்கலாம் என்பதை அங்கே போனால் கண்ணால் கண்டுகொள்ளலாம்.

யாருடைய கட்டடம் என்று அறிதல்

மலையகத்தில் இந்தப் படிதான் அதிக காலம் எடுக்கும். 1970களின் காணிச் சீர்திருத்தத்துக்குப் பின் தோட்டக் காணிகள் பெரும்பாலும் அரசின் உடைமையாகி, ஜனவசம எனப்படும் மக்கள் பெருந்தோட்ட அபிவிருத்திச் சபையிடமும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்திடமும் சேர்ந்தன. 1992 இல் முகாமைத்துவம் பிராந்தியக் கம்பனிகளுக்குப் போனது. கம்பனிகள் நீண்டகாலக் குத்தகைக்காரர்களே. ஆகவே தோட்டத் துரை வாயால் "சரி" என்பதை மட்டும் நம்பி வேலையைத் தொடங்கக் கூடாது. துரைமார் மாறுவார்கள், அடுத்து வருபவருக்கு அந்தச் சொல் தெரியாது. கம்பனியின் தலைமை அலுவலகத்திலிருந்து எழுத்தில் பெற வேண்டும், அதில் எத்தனை ஆண்டுகளுக்குப் பாவனை உரிமை தரப்படுகிறது என்பது இருக்க வேண்டும்.

கட்டடம் தோட்டக் காணியில் இல்லாமல் வீதிக்குரிய காணியில் நிற்கவும் கூடும். ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையின் பொறுப்பில் உள்ளன; சி, டி தர வீதிகள் மாகாணத்துக்குரியவை; சிறு வீதிகள் பிரதேச சபையைச் சேர்ந்தவை. வீதி அகலிப்புத் திட்டம் ஏதாவது உண்டா, கட்டட எல்லைக்கோடு எங்கே போகிறது என்று அந்தந்த அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். திருத்தி முடித்த மண்டபத்தின் முன்சுவரை இரண்டாம் ஆண்டில் வீதிக்காக உடைக்க நேர்ந்தால், அந்தச் சலிப்பிலிருந்து ஊர் மீள்வது கடினம்.

கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவிலும் தொடங்குவது நல்லது. முன்பெல்லாம் "தோட்டத்துக்குள் எங்களால் செலவழிக்க முடியாது" என்ற பதிலே பிரதேச சபையிலிருந்து வரும். பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018 இல் திருத்தப்பட்ட பின், தோட்டப் பகுதிகளிலும் சபைகள் சேவை வழங்க வழி பிறந்திருக்கிறது. பழைய பதில் இன்னும் கிடைத்தால், இந்தத் திருத்தத்தை மரியாதையாகச் சுட்டிக்காட்டி எழுத்தில் கேளுங்கள்.

கட்டடம் மிகப் பழையதாகத் தோன்றினால், குறிப்பாகக் கல்தூண் அம்பலமாகவோ செதுக்கிய மரவேலை உள்ளதாகவோ இருந்தால், தொல்பொருள் திணைக்களத்திடம் கேட்காமல் ஓர் ஆணியும் அடிக்க வேண்டாம். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னத்தை அனுமதியின்றி மாற்றுவதும் திருத்துவதும் குற்றமாகும். நல்ல எண்ணத்தோடு செய்தோம் என்பது அங்கே செல்லாது.

பாவனையை ஊரோடு பேசி முடிவு செய்தல்

கூட்டம் கூட்டும்போது சம்பள நாளையும் திருவிழா நாளையும் தவிர்த்து, கொழுந்து எடுக்கும் பெண்கள் வேலை முடிந்து பீலித் தண்ணீரில் குளித்து வருவதற்கு நேரம் விட்டுக் கூட்டுங்கள். எங்கள் முதல் கூட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு நடந்தது. ஓய்வுபெற்ற ஆண்களும் நாங்கள் சில இளைஞர்களும் மட்டும் இருந்து, கரம் போர்டும் பெரிய டிவியும் வேண்டும் என்று தீர்மானித்தோம். மாலை ஆறு மணிக்குக் கூட்டிய இரண்டாம் கூட்டத்தில் பெண்கள் கேட்டவை வேறாக இருந்தன: பிள்ளைகள் வெளிச்சத்தில் இருந்து படிக்க ஒரு மேசை, பஸ் வரும்வரை மழைக்கு ஒதுங்க ஒரு திண்ணை, தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிவறை. கட்டடத்தின் வரைபடம் அன்றே மாறியது.

ஒரே இடத்தைப் பல பாவனைக்கு நேரம் பிரித்துக் கொடுக்கலாம். காலையில் முதியோர், மாலையில் படிக்கும் பிள்ளைகள், பௌர்ணமி விடுமுறையான போயா நாளில் மாதர் சங்கம், மாசி மாதத்தில் மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்துக்காரர் என்று ஒரு நேர அட்டவணையை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மரண உதவிச் சங்கத்தின் கதிரைகளும் கூடாரமும் வைக்க ஓர் அறையை முதலிலேயே ஒதுக்கிவிட்டால், பின்னர் அவை படிப்பகத்தின் நடுவில் வந்து குவியாது. எந்தக் கட்சிக்கும் தொழிற்சங்கத்துக்கும் கொடியோ பெயர்ப்பலகையோ வைக்க இடமில்லை என்பதையும் அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். தேர்தல் வரும்போது அந்தத் தாள் உதவும்.

நிலமும் நீரும்

மலைச்சரிவில் கட்டடத்துக்கு எதிரி பெரும்பாலும் பின்னாலிருந்து வரும். வீதி வெட்டியபோது சரிவைச் செங்குத்தாகக் குடைந்துதான் இந்தக் கட்டடங்களுக்கு இடம் எடுத்திருப்பார்கள். பின்புற மண்மேட்டில் புதிய வெடிப்பு உண்டா, மரங்கள் ஒரு பக்கமாகச் சாய்கின்றனவா, முன்பு இல்லாத இடத்தில் ஊற்று வருகிறதா, இருந்த ஊற்று திடீரெனக் கலங்குகிறதா, கதவுகள் காரணமின்றி இறுகுகின்றனவா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கு அறிவித்து, அவர்களின் எழுத்து அறிக்கை வரும்வரை எந்த வேலையும் செய்யாதீர்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர்களையும் மண் மூடியதை நாங்கள் மறக்கவில்லை. அந்த மலையைப் பற்றி முன்பே எச்சரிக்கை விடப்பட்டிருந்தது. அபாய வலயத்துக்குள் நிற்கும் கட்டடம் எவ்வளவு அரியதானாலும், படமெடுத்து அளந்து வைத்துவிட்டு வேறு கட்டடம் தேடுவதே சரி. பிள்ளைகளைக் கூட்டி வைக்கப் போகிற இடம் அது.

அடுத்தது வீதியின் உயரம். ஒவ்வொரு முறை தார் போடும்போதும் வீதி சில அங்குலம் உயர்கிறது. நூறு வருடத்துக்கு முன் வீதியைவிடப் படி உயரமாக நின்ற திண்ணை இன்று வீதிக்குச் சமமாகவோ பள்ளமாகவோ கிடக்கும். மழைநீர் வீதியிலிருந்து நேரே வாசலுக்குள் இறங்கும். சுவரின் அடிப்பகுதி ஈரமாக இருப்பதைப் பார்த்ததும் பூச்சைக் குறை சொல்லாமல், மழை கொட்டும்போது குடையோடு போய் நின்று தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று பாருங்கள். எங்கள் மடுவத்தில் அரைநாள் அப்படி நின்றதில் தெரிந்தது, இரண்டு மாதம் பேசிப் பேசித் தெரியாமல் போனது. பக்கத்துக் கான், அதாவது வடிகால், மண்ணால் தூர்ந்து, மேலிருந்து வந்த தண்ணீர் முழுவதும் சுவரின் அடியில் இறங்கிக்கொண்டிருந்தது. கானை வெட்டித் துப்புரவாக்கி, பின்சுவருக்கும் மேட்டுக்கும் இடையில் இன்னொரு கான் எடுத்த பின், நான்கு மாதத்தில் சுவர் தானாகவே காய்ந்தது. தோட்டத்தில் கான் வெட்டத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு அவர்களே நிபுணர்கள்.

மேட்டைத் தாங்கும் கல்சுவர் இருந்தால், அதன் நீர்வடி துளைகள் திறந்திருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். அழகுக்காக அவற்றைப் பூசி மூடிய இடங்கள் உண்டு. பின்னால் தேங்கும் நீரின் பாரத்தில் அந்தச் சுவர் ஒரு நாள் முன்னால் சாயும்.

உடைக்கும் முன் பதிவு செய்தல்

எல்லாச் சுவரையும் நேராக நின்று படமெடுங்கள். அளவு நாடாவால் அளந்து ஒரு கொப்பியில் வரையுங்கள். கழற்றும் கதவு, ஜன்னல், ஓடு ஒவ்வொன்றுக்கும் சோக்கால் எண் இடுங்கள். நிலைக்கு மேல் செதுக்கிய ஆண்டு, தராசு தொங்கிய கொளுக்கி, சுவரில் யாரோ கரியால் எழுதிய கிலோக் கணக்கு ஆகியவற்றைச் சுரண்ட விடாதீர்கள். அந்தக் கட்டடத்தில் வேலை செய்த மூத்தவர்களை ஒருநாள் அழைத்துவந்து, எந்த மூலையில் என்ன இருந்தது என்று சொல்லச்சொல்லிப் பதிவு செய்யுங்கள். எங்களுக்கு அப்படித்தான் ஒரு அடைத்த ஜன்னல் இருந்தது தெரியவந்தது. அதைத் திறந்ததும் மின்விளக்கு இல்லாமலே படிக்கக்கூடிய வெளிச்சம் வந்தது.

சுவர்

நாங்கள் விட்ட பெரிய பிழை இங்கேதான் நடந்தது. பழைய சுவர்கள் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கட்டப்பட்டவை. சுண்ணாம்பு ஈரத்தை உறிஞ்சி, வெயில் வந்ததும் வெளியே விடும். சீமெந்து அப்படி விடாது. அடிச்சுவர் உதிர்கிறதே என்று மூன்றடி உயரத்துக்குச் சீமெந்து பூசினோம். பார்க்கப் பளிச்சென்று இருந்தது. இரண்டாம் மாரியில் ஈரம் சீமெந்துக்குப் பின்னால் சிக்கி மேலே ஏறி, அதுவரை நன்றாக இருந்த மேற்சுவரின் சாந்தையும் உப்புப் பூத்து உதிர்த்துவிட்டது. பூசியதைக் கொத்தி எடுக்கும்போது கல்லும் சேர்ந்து பெயர்ந்தது. பூசியதற்கு ஆன செலவைவிட எடுத்ததற்கு ஆன செலவு அதிகம்.

ஆகவே சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பையே பாவியுங்கள். மாத்தளை, திகனைப் பக்கங்களில் டொலமைட் கல்லைச் சுட்டு எடுக்கும் சுண்ணாம்பு கிடைக்கும். சுட்ட சுண்ணாம்பைக் குழியில் நீர் விட்டு நீற்ற வேண்டும். அப்போது அது கொதித்துத் தெறிக்கும் என்பதால், கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் இல்லாமல் யாரையும், குறிப்பாக உதவிக்கு வரும் பள்ளிப் பிள்ளைகளை, கிட்ட விடக் கூடாது. நீற்றியதைச் சலித்து, மேலே நீர் நிற்கும்படி மூடி, குறைந்தது மூன்று வாரம் வையுங்கள். மூன்று மாதம் வைத்தால் இன்னும் குழைவாக வரும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு சலித்த ஆற்று மணல் என்பது பொதுவான அளவு. மணல் ஏற்றி வரும் லொறிக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். கல்லிடுக்கில் உதிர்ந்த பழைய சாந்தை ஓர் அங்குல ஆழத்துக்குச் சுரண்டி, தண்ணீர் தெளித்து, புதிய சாந்தை அழுத்தி அடைத்து, ஈரச் சாக்கால் ஒரு வாரமாவது மூடி வையுங்கள். வெயிலில் அவசரமாகக் காய்ந்த சாந்து தூளாகிவிடும். இது தெரிந்த மேசன் பாஸ்மார், அதாவது கொத்தனார்கள், இப்போது குறைவு. வயதானவர் ஒருவரைத் தேடிப் பிடித்து, இரண்டு இளைஞர்களை அவரோடு கூலிக்கே நிறுத்துங்கள். அந்தக் கூலி வீண் போகாது.

வெடிப்பு இருந்தால் அது பழையதா, இன்னும் நகர்கிறதா என்று அறிய வேண்டும். வெடிப்பின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் சாந்தால் ஒட்டித் திகதி எழுதுங்கள். ஒரு மாரிக்குள் கண்ணாடி உடைந்தால் சுவர் அசைகிறது. பொறியியலாளர் ஒருவர் வந்து பார்க்கும்வரை அடைத்து மறைக்க வேண்டாம்.

வேலைக்கான காலம் மலையின் எந்தப் பக்கம் நீங்கள் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அட்டன், வட்டவளை, மஸ்கெலியாவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை விடாது. அங்கே சாந்து வேலையை ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடிக்க வேண்டும். பதுளை, பசறை, லுணுகலைப் பக்கம் டிசெம்பரிலும் ஜனவரியிலும் வடகீழ் மழை பெய்யும். அவர்களுக்கு ஜூன் முதல் ஓகஸ்ட் வரை நல்ல காலம். நிதி தருபவரின் கணக்காண்டுக்காக மழைக்குள் பூச்சு வேலை செய்ய ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கூரை

உண்மையில் சுவரைத் தொடும் முன் கூரையை ஒழுகாமல் ஆக்க வேண்டும். விளங்கச் சொல்வதற்காகவே சுவரை முன்னால் வைத்தேன். பழைய தகரம் பெரும்பாலும் ஓரத்திலும் ஆணித் துளையிலுமே துருப்பிடிக்கும், நடுப்பகுதி தடிப்பாகவே இருக்கும். ஆகவே எல்லாவற்றையும் பழைய இரும்புக்கு விற்றுவிடாமல், கெட்ட ஓரத்தை வெட்டி, நல்லவற்றைத் துருத்தடுப்புப் பூசித் திண்ணைக்கோ கழிவறைக்கோ பாவிக்கலாம். புதிய தகரத்தில் ஆணி மேட்டில் இறங்க வேண்டும், பள்ளத்தில் அடித்தால் ஒழுகும். அஸ்பெஸ்டஸ் தகடு இருந்தால் வாளால் அறுக்கவோ உடைத்து எறியவோ வேண்டாம். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். நீர் தெளித்து நனைத்து, முகக்கவசம் அணிந்து, தகட்டை முழுதாகக் கழற்றி இறக்குங்கள்.

மரத்தில் உளியால் குத்திப் பாருங்கள். கறையான் தின்ற பகுதியை மட்டும் வெட்டி, நல்ல மரத்தை ஒட்டுப்போட்டு இணைக்கத் தச்சுபாஸுக்குத் தெரியும். வளை எனப்படும் கூரைக் குறுக்கு மரம் முழுவதையும் மாற்றுவது அநேகமாகத் தேவைப்படாது.

பணம்

பதிவு செய்யப்பட்ட சங்கம் ஒன்றின் பெயரில், மூவரில் இருவர் கையெழுத்திடும் வங்கிக் கணக்கு வேண்டும். அந்த மூவரில் ஒரு பெண்ணாவது இருக்கட்டும். பிரதேச சபை, பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதி, பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம், கொழும்பில் கடை வைத்திருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் என்று கேட்கலாம். பெரிய தொகைக்காகக் காத்திராமல், கான், கூரை, சுவர், கழிவறை என்று பகுதி பகுதியாக மதிப்பீடு எடுத்துக் கேட்டால் கிடைப்பது எளிது. வரவு செலவை மாதந்தோறும் கட்டடத்தின் சுவரிலேயே ஒட்டுங்கள்.

திறந்த பின்

வாசல் நேரே வீதியில் திறப்பதாக இருந்தால், பிள்ளைகள் ஓடிவந்து பஸ்ஸின் முன் நிற்காதபடி குட்டைச் சுவர் ஒன்று எழுப்பி, வழியைப் பக்கவாட்டில் திருப்புங்கள். பெயர்ப்பலகை தமிழிலும் சிங்களத்திலும் இருக்கட்டும். பக்கத்துக் கிராமத்துச் சனங்களும் அந்தத் திண்ணையில்தான் மழைக்கு ஒதுங்குவார்கள்.

சாவியை ஒருவரிடம் மட்டும் கொடுக்காதீர்கள். எங்களிடம் மூன்று சாவிகள் உண்டு: ஒன்று மாதர் சங்கத்திடம், ஒன்று எதிரே உள்ள தேநீர்க் கடையில், ஒன்று படிப்பகப் பொறுப்பாளரிடம். யார் எத்தனை மணிக்குத் திறந்தார், பூட்டினார் என்று கதவுக்குப் பின்னால் தொங்கும் கொப்பியில் எழுதுவார்கள். அதே கொப்பியின் கடைசிப் பக்கங்களில் பராமரிப்புக் கணக்கு இருக்கிறது: ஏப்ரல் கடைசியில் கூரைப் பீலி துப்புரவு, மே முதல் வாரத்தில் கான் வெட்டுதல், முதல் பெருமழையன்று குடையோடு ஒரு சுற்று, ஜனவரியில் வெள்ளையடித்தல். பதுளை, பசறை போன்ற ஊவாப் பக்கத்தில் இருப்பவர்கள் இந்த மாதங்களைத் தங்கள் மழைக்கேற்ப மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும்.